ஆலை ரூட்டரும் ஐ.பி. அட்ரஸும்

காலை பத்தே காலுக்கு போன்.

"அண்ணே, நெட் வரல. பதினோரு மணிக்கு எனக்கு ஜெர்மனி இன்டர்வியூ. ஓடி வாங்கண்ணே" என்றாள் செல்வி.

மறையூரில் கரும்பு போட்டு, சொந்த ஆலையில் வெல்லம் காய்ச்சும் முருகையாவின் மகள். நர்ஸ். இந்த ஒரு மணி நேரத்துக்காக ஒரு வருஷம் ஜெர்மன் படித்தவள். அவர்கள் வீடு இருக்கும் பள்ளத்தில் மொபைல் சிக்னலில் வீடியோ ஓடாது. ஃபைபரை விட்டால் வேறு வழி இல்லை.

பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தேன். வாசலில் நின்ற முருகையாவிடம், "அண்ணே, எதையாவது தொட்டீங்களா?" என்று கேட்டேன்.

"யாரும் ஒண்ணும் தொடல தம்பி" என்றார்.

இருபத்தைந்து வருஷம் கேபிளுக்கும் ஃபைபருக்கும் ஏணி ஏறியவன் நான். அந்தத் திமிரில் நேரே லைனைத்தான் பார்த்தேன். மீட்டரில் சிக்னல் சரியாகவே இருந்தது. ரூட்டரை ஆஃப் செய்து ஆன் செய்தேன். அதுவரை ஓடிய டி.வி.யிலும் நெட் போயிற்று. கெட்டது குடி! மணி பத்து நாற்பது. பக்கத்து அறையில் செல்வி லேப்டாப் முன்னால் உட்கார்ந்து ஜெர்மனில் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

முதலிலேயே பார்க்க வேண்டியதை அப்புறம்தான் பார்த்தேன். லேப்டாப்பின் ஐ.பி. அட்ரஸ். வீட்டு ரூட்டர் கொடுக்கும் நம்பர் 192.168.1 என்று தொடங்கும். லேப்டாப்பில் இருந்ததோ 192.168.0. வேறொரு ரூட்டர் நம்பர் கொடுக்கிறது. எது என்று எனக்குத் தெரியும், வைத்ததே நான்தானே! வீட்டிலிருந்து ஆலைக்கு ஒயர் இழுத்து, அங்கே வைஃபைக்கு ஒரு பழைய ரூட்டர். அது நம்பர் கொடுக்கக் கூடாது என்று, அந்த வேலையைச் செய்யும் டி.எச்.சி.பி.யை அணைத்திருந்தேன். ரீசெட் அழுத்தினால் ஒழிய அது திரும்ப ஆன் ஆகாது. ஆனால் ஆகிவிட்டால், எந்த ரூட்டர் முந்துகிறதோ அதன் நம்பரைத்தான் லேப்டாப் வாங்கும். ஆலை ரூட்டரின் நம்பரை வைத்துக்கொண்டு நெட்டுக்குப் போக முடியாது.

வீட்டு ரூட்டரின் பின்னால் ஆலை ஒயரைத் தேடிக்கொண்டே, "ரீசெட் அழுத்துனது யாருண்ணே?" என்றேன்.

முருகையா மகளின் அறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நாந்தேன். காலையில ஆலையில வீடியோ சுத்திக்கிட்டே கிடந்துச்சு. ஊசிய விட்டு அழுத்துனேன். நெட்டு போனதும் சொல்லியிருக்கணும். சொல்லாம இருந்தா புள்ள போகாம இங்கனயே இருந்துருவாளோன்னு... புத்தி கெட்டுப்போச்சு தம்பி."

எனக்குக் கோபம் வந்தது. பேச நேரமில்லை. எது அந்த ஒயர் என்று காட்டினேன். அவரே பிடுங்கினார்.

லேப்டாப்பில் வைஃபையை ஒரு தடவை அணைத்துவிட்டுப் போட்டதும் சரியான நம்பர் வந்தது. பத்து ஐம்பத்து நான்கு. இன்டர்வியூ முடியும்வரை முருகையா அறை வாசலில் நின்றார், உட்காரவே இல்லை.

வெளியே வந்த செல்வி, "என்ன கோளாறுண்ணே?" என்றாள்.

"ஆலை ரூட்டர் பழசும்மா, கிறுக்குப் பிடிச்சிருச்சு" என்றேன்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு: ஏணியை எடுக்கும் முன் ஐ.பி. அட்ரஸைப் பாருங்கள். 'யாரும் தொடல' என்பதை நம்பாதீர்கள். ஆனால் தொட்டவரை வீட்டார் முன்னால் காட்டிக் கொடுக்கவும் வேண்டாம்.

செல்விக்கு வேலை கிடைத்தது. அவள் விமானம் ஏறிய மறுநாள் முருகையா கூப்பிட்டார்.

"ஆலை ஒயர மாட்டிக் குடு தம்பி. அவ கூப்பிடுற நேரம் நான் வெல்லம் காய்ச்சுற கொப்பரைகிட்டதான் நிப்பேன்."

டி.எச்.சி.பி.யை மறுபடி அணைத்து மாட்டிக் கொடுத்தேன். ரீசெட் ஓட்டையின் மேல் டேப் ஒட்டச் சொன்னது அவர்தான்.