கடலடிக்குப் போன பருத்தி உடை

மகள் ஆழ்கடல் உயிரினங்களை ஆராய்பவள். வெளிநாட்டுக் கப்பல் ஒன்றின் நீர்மூழ்கியில், மூன்று பேரில் ஒருத்தியாகக் கடலடிவரை இறங்க அவளுக்கு இடம் கிடைத்தது. கூடவே ஒரு நிபந்தனை. ஆட்கள் உட்காரும் மூடிய உருண்டைக்குள் ஆக்சிஜனைத் திறந்துவிடுவதால் தீப்பொறிக்கு அஞ்ச வேண்டும். உடை முழுக்கப் பருத்தியாக இருக்க வேண்டும். இறங்குவதற்கு முந்தைய நாள் கப்பலில் சோதிப்பார்கள். தவறி, மாற்று உடையும் இல்லையென்றால் இருக்கை அடுத்தவருக்கு.

“பருத்திக்கு நம்மளைச் சோதிக்கறாங்களாமா?” என்றாள் மனைவி. அவள் பிறந்த வீட்டில் எல்லோரும் நூல் மில்லில் வேலை பார்த்தவர்கள்.

ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை ஈரோட்டில் துணி எடுத்தோம். புதன் என்று மனைவி இன்றும் சாதிக்கிறாள். ஜவுளிச் சந்தை கூடியிருந்ததால் செவ்வாய்தான். அடியில் குளிரும் என்பதால் தடித்த துணியாக வாங்கி, ஊர் திரும்பிக் கணபதியில் ஒரு தையல்கடையில் கொடுத்தோம்.

தைத்து வந்த உடையின் ஓரத் தையலில் மகள் ஒரு நூலை உருவித் தீக்குச்சியைக் காட்டினாள். பருத்தி சாம்பலாகும். இது உருகி மணியாகத் திரண்டது.

“துணி சுத்தந்தானுங்கம்மா. தைச்ச நூலு பாலியஸ்டர். இடுப்பு எலாஸ்டிக்கும் ஆகாது.”

“மில்லுக்காரங்க ஊட்ல பொறந்துபோட்டு நூலைப் பாக்காம உட்டுட்டனே” என்ற மனைவி என் பக்கம் திரும்பினாள். “ஏனுங்க, கெழமை பாத்த நேரத்துக்கு நீங்களாவது நூலைக் கேட்டிருக்கலாமல்லங்க?”

மறுநாள் மதியம் மகளுக்கு விமானம். மைத்துனர் பீளமேட்டிலிருந்து பருத்தி நூற்கண்டு கொண்டுவந்தார். மகளும் நானும் தையலைப் பிரிக்கப் பிரிக்க, மனைவி மெஷினில் தைத்துக்கொண்டே வந்தாள். எலாஸ்டிக் இருந்த இடத்தில் நாடா கோத்தாள்.

“நாடா அவுந்துட்டா என்ன கண்ணு பண்ணுவ?” என்றேன்.

“உள்ள எந்திரிக்கவே எடமில்லீங்ப்பா. மடங்கித்தான் உக்காரோணும்.”

கப்பலில், அவளுக்கு முன் நின்ற இருவரை உடை மாற்றிவரச் சொன்னார்களாம். இவளுடைய தையலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, யார் தைத்தது என்று மட்டும் கேட்டார்களாம்.

அவள் இறங்கிய சரிவை ஆளில்லாக் கருவிகள் முன்பே படமெடுத்திருந்தன. படத்தில் ஒரு பாறையடி வெறும் நிழலாகத் தெரிந்தது. சன்னலில் முகத்தை ஒட்டிப் பார்த்த மகள், அந்த நிழலுக்குள் ஏதோ அசைவதைக் கண்டு ஓட்டுநரை நிறுத்தச் சொன்னாள். சின்னஞ்சிறு நட்சத்திர மீன்கள், கூட்டமாக. நீர்மூழ்கியின் இயந்திரக் கை, அவற்றில் ஒன்றை மெல்ல எடுத்துப் பெட்டியில் வைத்தது.

மேலே வந்ததும் கப்பலிலிருந்து போனில் பேசினாள். “கேமரா பாக்காம தாண்டிப் போனதை நான் பாத்துட்டனுங்ப்பா.”

“குளுருச்சா அம்மணி?” என்றாள் மனைவி.

“இல்லீங்கம்மா.”

மனைவி உடனே மைத்துனரைக் கூப்பிட்டாள். “ஏனுங்ண்ணா, உங்க நூலு கடலுக்கு அடியில போயிட்டு வந்துருச்சுங்க.”

அன்று வெள்ளிக்கிழமை. அதில் அவளுக்கும் மறுப்பில்லை.