கரையில் ஒருவர் வேண்டும்

ஸ்காபரோ மண்முகடுகளின் கீழே ஒன்ராறியோ ஏரிக்கரை. சனவரி மாதக் காலை. மொன்றியலிலிருந்து வந்த நான், உறைந்த ஏரியைப் பார்க்கலாமென்று இறங்கி வந்திருக்கிறேன். ஏரி உறையவில்லை. கிழக்குக் காற்று எழுப்பும் சாம்பல்நிற அலைகளில் ஒருவர் பலகைமேல் நின்று சறுக்கி வருகிறார்.

கரையேறியதும் நேரே என்னிடம் வருகிறார். இமையிலும் மீசையிலும் பனிக்கட்டி.

"அண்ணை தமிழோ?"

"ஓம்."

"முதுகிலை இந்த உடுப்பின்ரை சிப் பூட்டு உறைஞ்சுபோச்சு, விரலும் மடங்குதில்லை. காருக்கை போத்திலிலை சுடுதண்ணி இருக்கு. ஊத்திப்போட்டு இழுத்துவிடுறியளோ?"

ரப்பர் உடையின்மேல் நீரை ஊற்றுகிறேன். மூன்றாவது இழுப்பில்தான் சிப் இறங்குகிறது. சுற்றிலும் வேறு மனிதரில்லை.

"நான் நிக்காட்டி என்ன செய்திருப்பியள்?"

"என்ரை மனிசிதான் வந்து நிக்கிறவ. இண்டைக்கு வரமாட்டன் எண்டிட்டா. தான் வராட்டி நான் இறங்கமாட்டன் எண்டு நினைச்சிருப்பா."

"கோடையிலை சறுக்கலாம்தானே?"

"கோடையிலை உது குளம் மாதிரிக் கிடக்கும் அண்ணை. அலை இப்பதான்."

உதவாமல் இருந்திருக்க முடியாது. ஆனால் முகம் தெரியாத ஒரு பெண் அவரைத் தடுக்க எண்ணிச் செய்ததை, என் கை பயனற்றதாக்கிவிட்டது.

கார் ஹீற்றரில் விரல்களைக் காய்ச்சியபடி அவர் கேட்கிறார்:

"நாளைக்கும் இந்தக் காத்துத்தானாம். வருவியளோ?"

"நாளைக்கு எனக்கு மொன்றியலுக்குப் பஸ்."



"அப்ப மனிசி ஓம் எண்டால்தான் இறங்கலாம்."