பாரூக் நானாவின் கடையில் காயாத காலுறைகள்

அப்புத்தளையில், காசு கொடுத்து போன் பேசும் கொமியுனிகேஷன் கடை வைத்திருக்கும் பாரூக் நானாவுக்கு ஒரே புகார்.

"தம்பி, கம்ப்யூட்டர் ஃபேன் லொறி மாதிரி கத்துது. கோல் எடுக்க வாற ஆக்களுக்கு ஒன்னும் கேக்குதில்ல."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருளான லினக்ஸ் கெர்னலைத் திரும்பக் கம்பைல் பண்ணினேன். வேலை இல்லாத நேரத்தில் ப்ராசசர் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்படி அமைத்தேன். சூடு குறைந்தது, சத்தமும் அடங்கியது.

இன்று காலை போன். "மெஷின் பழுதாப் போச்சு தம்பி. ஒடனே வாங்க."

பதுளையிலிருந்து பஸ் பிடித்து, மழையில் நனைந்துகொண்டு போனேன். மெஷின் நன்றாகத்தான் ஓடுகிறது.

"என்ன நானா பழுது?"

"சூடே இல்லயே! புள்ளைகள்ட மேஸ் ஒன்னும் காயல்ல. ஈரத்தோடதான் ஸ்கூலுக்குப் போனாங்க."

பெட்டியின் பின்னால் எட்டிப் பார்த்தேன். காற்றுப் போகும் துளைகளை மூடிக்கொண்டு வரிசையாக நானா சொன்ன மேஸ், பிள்ளைகளின் வெள்ளைக் காலுறைகள். ஃபேன் ஏன் கத்தியது என்று அப்போதுதான் விளங்கியது.

"நானா, இத எடுத்திருந்தாலே சத்தம் நின்னிருக்குமே!"

"அப்ப மேஸ எங்க காயப்போடுறது? பழையபடி செஞ்சி தாங்க."

முழு வேகத்தில் வைத்துவிட்டு வந்தேன். காலுறை காயவைக்க கெர்னலில் ஏதாவது ஆப்ஷன் இருந்தால் சொல்லுங்கள். என்னுடையதும் ஈரமாகத்தான் இருக்கிறது.