லேனா கிளம்பிய வருஷம்

ஐந்து மாதக் குளிருக்குப் பிறகு இன்றுதான் ஹாம்பர்க்கில் ஜன்னலைத் திறந்து வைத்தேன். பின்கழுத்தில் வெயில் பட்டதும் லேனாவின் ஞாபகம் வந்தது.

திருவண்ணாமலையில் எங்கள் வீடு செங்கம் ரோட்டுப் பக்கம். ஒவ்வொரு பனிக்காலமும் லேனா என்ற ஜெர்மன்காரி மாடி அறைக்குக் குடிவருவாள். வெயில் ஏறியதும் ஊருக்குப் போய்விடுவாள். அரைகுறைத் தமிழில் என் அம்மாவை அவளும் அம்மா என்றே கூப்பிடுவாள். சாயங்காலம் அம்மா அவளை மாடிப்படியில் உட்காரவைத்து, பொறுமையாகச் சிக்கெடுத்துப் பின்னி, மல்லிகை வைப்பாள். எனக்கோ பள்ளிக்கூட அவசரத்தில் இழுத்துப் போட்ட பின்னல்.

ஒன்பது வயதில் எனக்கு அது பொறுக்கவில்லை. மாசி பிறந்ததும் மாடிக்குப் போனேன்.

"அக்கா, இந்த வருஷம் வெயில் ஜாஸ்தியாம். உங்கள சீக்கிரமா ரூமைக் காலி பண்ணச் சொல்லி அம்மா சொன்னாங்க."

அந்த வாரமே லேனா கிளம்பினாள். ஆட்டோவில் ஏறும்போது அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அதன்பின் வரவேயில்லை.

அன்று சாயங்காலம் அம்மா எனக்குப் பொறுமையாகத் தலை பின்னினாள்.

"நான் எதாச்சும் தப்பா பேசிட்டேனாடி அவகிட்ட?"

"இல்லம்மா" என்றேன்.

இன்று உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"அப்புறமா கூப்புடுடி. மாடில ஒரு இத்தாலிப் பொண்ணு இருக்கா, தங்கமான பொண்ணு. சாம்பார் வைக்கச் சொல்லிக் குடுத்துட்டிருக்கேன்."



"அங்க வெயில் வந்துடுச்சேம்மா," என்றேன். "அவ இன்னும் ஊருக்குப் போகலியா?"