ஜன்னலில் வாசித்த நெஞ்சுப் படம்

“…எலும்பையெல்லாம் எண்ணிறலாம் போல இருக்கு. இவ்வளவு சுத்தமான நெஞ்சுக்கு எதுக்குப்பா லீவு?”

எங்கள் தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் ஐயா, என் மனைவியின் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார். கொழுந்துத் தராசைத் தவிர வேறெதையும் அவர் வாசித்து நான் பார்த்ததில்லை. ஆனாலும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தவருக்குத் தெரியாத வித்தை உண்டா?

“டாக்டர் வேற மாதிரி சொன்னாருங்கய்யா. காய்ச்சல் வந்து ரெண்டு நாள்தானே, வைரஸ் நெஞ்சுக்கு எறங்குறது மொதப் படத்துல தெரியாமலும் போகுமாம். ரெஸ்ட்ல இருக்கணுமாம், மூச்சு வாங்குனா ஒடனே கூட்டியாரணுமாம்.”

“டாக்டரு சொல்வாரு. கொழுந்து பறிக்க அவரா வருவாரு?”

படத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன். அந்தக் கோழைத்தனமும் என் கணக்கில்தான். எங்கள் லயன் வரிசையில் பக்கத்துக் காம்பரா வீட்டு அக்கா நடந்ததைக் கேட்டுவிட்டு, “அடுப்பு பத்த வச்ச ஒடனேயே பானை கரி புடிக்குமா தம்பி?” என்றார். டாக்டர் கால் மணி நேரம் சொன்னதை ஒரே பானைக்குள் அடக்கிவிட்டார்.

மறுநாள் காலை மனைவி, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்தாள். அதற்கு அடுத்த நாள் மலையேறியவள் தேயிலைச் செடிகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டாள். ஒரு வார்த்தைக்கு இரண்டு மூச்சு வாங்கினாள்.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இரண்டாவது படத்தில் இரண்டு நுரையீரலிலும், அடியிலும் ஓரங்களிலும், வாயால் ஊதிவிட்ட கண்ணாடி போல வெள்ளை மங்கல். “ரெண்டு பக்கமும் இப்படின்னா வைரஸா இருக்கலாம். ஆனா படத்த மட்டும் வச்சு முடிவு சொல்லக் கூடாது” என்றார் டாக்டர். மூக்கில் குச்சி விட்டுப் பார்த்த சோதனையும் வைரஸ் என்றே சொன்னது. ஒட்சிசன் வைத்துப் படுக்க வைத்தார்கள். அவளுக்கோ வேறு கவலை.

“மொதல்ல லீவு சொல்லிட்டு வாங்க. பேர வெட்டிருவாரு.”

முகக்கவசத்தோடு போய், டாக்டர் எழுதிக் கொடுத்த துண்டையும் புதுப் படத்தையும் ஆபீஸ் மேசையில் வைத்தேன். கிளாக்கர் ஐயா வழக்கம்போலப் படத்தை ஜன்னல் பக்கம் தூக்கினார்.

“என்னவாம்?”

“வைரஸ் நிமோனியாங்கய்யா. ஒட்டுமாம்.”

படம் பாதி வழியில் கையிலிருந்து விழுந்தது. அவள் எப்படி இருக்கிறாள் என்று அவர் கேட்கவில்லை. கோடு போடும் அடிமட்டத்தின் நுனியால் படத்தை என் பக்கம் தள்ளினார். எத்தனை நாள் என்றுகூட எழுதாமல் லீவுத் துண்டில் கையெழுத்துப் போட்டு, அதையும் அடிமட்டத்தாலேயே தள்ளிவிட்டார்.