தைல வாசனை வரும் வீடு

என் மூத்த மகள் ஒரு ஓட்டலின் சலவை அறையில் வேலை பார்க்கிறாள். ஈரமான படுக்கை விரிப்பை உருளை இஸ்திரிக்குள் இந்தப் பக்கம் விட்டால் அந்தப் பக்கம் காய்ந்து வரும். அதை மடித்து அடுக்கவேண்டும். உள்ளே போனால் மூச்சே வெந்துபோகும். கல்யாணத்துக்கு முன்னால் அந்த அறைக்குள் போனவள், இன்னும் அங்கேதான் நிற்கிறாள். அவளைப் பற்றிச் சொல்ல வந்தால் அவள் தம்பியைச் சொல்லாமல் முடியாது. போய்ச் சேர்ந்த பிறகும் அவள் வாழ்க்கையில் பாதி அவன்தான்.

அவன் பந்து விளையாடுகிற பிள்ளை. விளையாட்டுக்கென்றே இருந்த பள்ளியில், விடுதியில் சேர்த்தோம். காலில் ஆணி குத்தின புண்ணை யாரிடமும் காட்டாமல், சுற்றிலும் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு அணித் தேர்வுக்கு ஓடியிருக்கிறான். சொன்னால் பெயரை எடுத்துவிடுவார்கள் என்ற பயம். காய்ச்சலில் விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. உடம்பை வாங்கப் போன இடத்தில் அவனுடைய கோச் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்க பையன் ஒருநாள்கூட வலிக்குதுன்னு சொன்னதில்லம்மா" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். என் மகள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பேச்சு அவளுக்குச் செரிக்கவே இல்லை.

அவளுக்கு ஒரே பெண். நடக்கப் பழகும் முன்பே கட்டிலிலிருந்து குதித்ததால் நாங்கள் வைத்த பெயர் தவளை. இப்போது பள்ளியில் உயரம் தாண்டுகிறாள். என் தோள் உயரத்தில் இருக்கிற கம்பை முதுகைக் காட்டித் தாண்டி மல்லாக்க விழுகிறாள். பார்க்கிற எனக்குத்தான் இடுப்பு பிடித்துக்கொள்ளும். இருக்கிற பள்ளியில் அதற்கு மேல் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை, வேறு பள்ளி பார்த்தாகவேண்டும் என்று பேச்சு வந்தது. மாப்பிள்ளை லாரி ஓட்டுகிறவர். போகிற வழியில் ஒரு பெரிய பள்ளியைப் பார்த்துவிட்டு வந்து, அங்கே விழுகிற மெத்தை நம் வீட்டுக் கட்டிலைவிட ஒசத்தி அத்தை என்றார். நான் பிடித்த பிடியை விடவில்லை. குதித்தது போதும், பக்கத்துப் பள்ளியில் ஒழுங்காகப் படிக்கட்டும் என்றேன். தவளை என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். என் மகள் எந்தப் பக்கமும் பேசவில்லை. இன்னொரு பிள்ளையை அனுப்பி, இன்னொரு உடம்பை வாங்கி வருவோமோ என்பதுதான் அவள் மனசில் ஓடியது.

அந்த நாட்களில்தான் வீட்டில் தைல வாசனை வர ஆரம்பித்தது. துணி காயப்போடுகிற அறையில், குளியலறைக் கதவோரம், படிக்கட்டுத் திருப்பத்தில். அவன் தேய்த்துக்கொண்ட அதே தைலம். முதலில் அவள்தான் சொன்னாள், "அம்மா, அவன் வந்து நிக்கிறான்." எனக்கும் அடித்தது. சொந்த மூக்கை எப்படி இல்லை என்பது? எங்கள் இரண்டு பேருக்கும் பயம் வரவில்லை. வாசனை வருகிற பக்கம் அவள் திரும்பி, வேண்டாம்னு சொல்ல வந்தியா, சரின்னு சொல்ல வந்தியா என்று மெதுவாகக் கேட்பாள். நான் அவனுக்காகத் துணி அறை ஜன்னலைச் சாத்தாமல் விடுவேன். இந்த வீட்டில் செத்தவனுக்கு இருக்கிற மரியாதை உயிரோடு வருகிறவனுக்கு இல்லை, ஒரு டீகூடக் கிடைக்கமாட்டேன் என்கிறது என்று மாப்பிள்ளை கேலி பேசுவார். தவளை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பாள்.

பெரிய பள்ளியைப் பார்க்க நானும் போனேன். என்னை விட்டுவிட்டுப் போனால் திரும்பி வரும்போது கதவைத் திறக்கமாட்டேன் என்று சொல்லியிருந்தேன். சிவப்பு ஓடுதளம், நீல மெத்தை, எல்லாம் பளபளவென்று இருந்தது. என் மகள் எதையும் பார்க்கவில்லை. அடிபட்ட பிள்ளைகள் எங்கே உட்காருவார்கள் என்று தேடினாள். அப்படி ஒருவரும் இல்லை. கேட்டதற்கு அங்கே இருந்த கோச் சிரித்துக்கொண்டு, "எங்க பிள்ளைங்க வாயில வலிங்கற வார்த்தையே வராதும்மா" என்றார். அவள் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளைகளுக்கு நடுவில் தம்பி ஓடினானாம். நொண்டாமல் ஓடினான்மா, அதைத்தான் பார்க்க முடியலை என்று வெளியே வந்து சொன்னாள்.

இன்னொரு பள்ளி சந்தைக்குப் பின்னால் இருந்தது. மண் தரை, ஒட்டுப்போட்ட மெத்தை. கோச் ஒரு பொம்பளை, லாரி ஹாரன் மாதிரி குரல். பயிற்சிக்கு முன்னால் பிள்ளைகளை வட்டமாக நிறுத்தி, ஒவ்வொருவரும் எங்கே வலிக்கிறது என்று சொல்லவேண்டும் என்றாள். ஒன்றுமில்லை என்று சொல்லக்கூடாது. ஒருத்தி முழங்கால் என்றாள், ஒருவன் குதிகால் என்றான். ஒரு பெண் மனசு என்றாள். அதுக்கு மருந்து இல்லை, ரெண்டு சுத்து சேர்த்து ஓடு என்று கோச் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நிஜமாகவே வலிக்கிற பிள்ளை அன்றைக்குத் தாண்டாமல் மற்றவர்களுக்குக் கம்பை ஏற்றி வைக்கவேண்டும். அதனால் அணியில் அதன் இடம் போகாது. மறைக்கிற பிள்ளைக்குத்தான் போகும்.

கோச் தவளையையும் வட்டத்தில் நிற்கச் சொன்னாள். "உனக்கு எங்க வலிக்குது?"

தவளை அவள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"இடது கணுக்கால். ரொம்ப நாளா."

என்ன போடுகிறாய் என்றதற்குத் தைலம் என்றாள். துணி அறையில் ஒளித்து வைத்திருக்கிறாளாம். வீட்டில் ஏன் சொல்லவில்லை என்று கோச் கேட்டாள்.

"சொன்னா அம்மா விடமாட்டாங்க."

என் மகள் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது. "அவன் வரவே இல்லம்மா" என்றாள். "இத்தனை நாளா இவதான்."

திரும்பி வருகிற பஸ்ஸில் என் மகள் தவளையின் காலைத் தூக்கி மடியில் வைத்துக் காலுறையைக் கழற்றினாள். கணுக்கால் வீங்கி மினுமினுத்தது. அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து நான் திட்டினேன். எலும்பில் ஒன்றுமில்லை, கொஞ்ச நாள் குதிக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னார். அந்த நாட்களில் தவளை சந்தைப் பள்ளியில் சேர்ந்து கம்பை ஏற்றி வைத்துக்கொண்டிருந்தாள். அந்தத் தரையெல்லாம் கல்லு என்று நான் இன்றைக்கும் விடாமல் சொல்கிறேன். "கல்லு கண்ணுக்குத் தெரியுதேம்மா, பொறுக்கிடலாம்" என்கிறாள் என் மகள்.

இப்போது வேலை விட்டு வந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல், எங்கே வலிக்கிறது என்று தவளையிடம் கேட்கிறாள். இன்றைக்குப் போகாதே என்று மட்டும் சொல்லக்கூடாது, அது அவர்களுக்குள் பேச்சு. சில நாள் அது வாய்வரை வந்து, என் மகள் உதட்டைக் கடித்துக்கொள்வாள். தவளை முட்டி என்றோ முதுகு என்றோ சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிடுவாள். என் மகள் மட்டும் அந்த இடத்தைவிட்டு நகரமாட்டாள். கேட்ட கேள்விக்கு இன்னொருவனும் பதில் சொல்லவேண்டியது பாக்கி என்பது மாதிரி நிற்பாள். வந்து உட்காரு, டீ ஆறுது என்பேன்.

"இரும்மா" என்பாள்.