தட்டில் நின்ற சிவப்பு

பேய், ஆவி எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது, இப்போதும் கிடையாது. ஆமத்தூரில் எங்கள் தெருவில் யாராவது அந்தப் பேச்சை எடுத்தால், வேலையைப் பாருங்கள் என்று எழுந்து போகிற ஆள் நான். வேதியியல் படித்தவள். அதனால் நான் சொல்லப்போவதை நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்குக் கோபம் வராது, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்ப மாட்டேன். ஆனால் நடந்தது நடந்ததுதான்.

என் ஆராய்ச்சி யூரோப்பியம் என்கிற உலோகத்தை வைத்து. அதில் செய்த சேர்மத்தை உயிருள்ள செல்லுக்குள் விட்டு, புற ஊதா விளக்கைக் காட்டினால் சிவப்பாக ஒளிரும். விளக்கை நிறுத்தினால் கண் சிமிட்டுவதற்குள் அணைந்துவிடும். செல்லின் உள்ளே தண்ணீராக இருந்தால் சீக்கிரம் அணையும், வெல்லப்பாகு மாதிரி கெட்டியாக இருந்தால் துளி நேரம் கூடுதலாகத் தங்கி அணையும். அந்தத் தங்கலை அளந்து செல்லின் பிசுபிசுப்பைக் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான். சாகப்போகிற செல் கெட்டிப்படும் என்பார்கள். இரண்டு வருடமாக, நான் செல் வைத்துப் பார்க்கும் கண்ணாடித் தட்டில் ஒன்றும் தங்கவில்லை. தலைப்பை மாற்று என்று வழிகாட்டி அம்மா சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

என் அக்கா மாரிக்கனிக்குப் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கிற வேலை. வெடிப்பொடிக்கு எங்கள் பக்கம் மருந்து என்றுதான் பெயர். நான் படிக்க வேண்டும் என்று பத்தாவதோடு நின்றவள் அவள். தினமும் மருந்தில் புழங்குகிறவளின் செல்லில் சேர்மத்தைப் போட்டுப் பார்ப்போமே என்று, அன்று காலை கம்பெனி வேன் வருவதற்குள் அவள் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் வழித்து எடுத்தேன்.

"ஏட்டி, என் எச்சிய வச்சு என்னத்தப் பாக்கப் போற?"

"ஒன் செல்லுல வெளிச்சம் நிக்குதான்னு பாக்கணும்க்கா."

"நாங்க செய்ற செவப்பு வானத்துலயே ரெண்டு நொடிதான் நிக்கும். ஒன் செவப்பு தட்டுல நின்னுருமாக்கும்?" என்று சிரித்தாள். வேனில் ஏறும்போது திரும்பிப் பார்த்து, "வெளிச்சம் வந்தா என்னையக் கூப்புட்டுச் சொல்லு, என்ன?" என்றாள்.

"கட்டாயம் கூப்புடுறேன்" என்றேன்.

ஆய்வகத்தில் இருட்டறைக்குள் நான் நுழைந்தது பகல் பதினொன்றேகால். அன்றைக்கு முதலில் வைத்ததே அக்காவின் தட்டுதான். ஒளி அணைய அணைய இறங்க வேண்டிய கோடு திரையில் இறங்கவில்லை. கருவி கெட்டுவிட்டது என்று நினைத்து மூடியைத் திறந்தேன். தட்டில் சிவப்பு நின்றது. கண்ணுக்கே தெரிகிற சிவப்பு, நம்பினால் நம்புங்கள், இருபது வரை எண்ணினேன், அப்படியே நின்றது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கெட்டிப்பட்டால் சாகிற செல் என்று படித்தவள் நான், அது நினைப்பிலேயே வரவில்லை.

பட்டாசுக் கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. அதனால் இருட்டறையை விட்டு வெளியே வந்து, கேட்டில் காவலுக்கு இருக்கும் சவரிமுத்து அண்ணாச்சிக்குப் போன் போட்டேன்.

"கனியக் கூப்புடட்டுமா தாயி? கேட்டுக்கு வரச் சொல்றேன், அஞ்சு நிமிசம்."

கலந்த மருந்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வரக் கூடாது. கலந்ததைக் கலந்த கையோடு முடிக்க வேண்டும், வைத்தால் சூடேறும். இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும்.

"வேண்டாம் அண்ணாச்சி, மருந்து கலந்துருப்பா. சோத்து நேரத்துல சொல்லிருங்க, வெளிச்சம் வந்துருச்சுன்னு."

"சரி தாயி."

திரும்பி வந்தபோது தட்டு இருட்டாக இருந்தது. நேரத்தை நோட்டில் எழுதிவிட்டு, டப்பாவைத் திறந்து சாப்பிட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் போன் வந்தது. நான் அண்ணாச்சியிடம் பேசி வைத்த பத்தாவது நிமிடம் அக்கா மருந்து கலக்கிற அறை வெடித்திருக்கிறது. உள்ளே அவள் ஒருத்திதான் இருந்தாள்.

சிவகாசி ஆஸ்பத்திரியில் அடையாளம் காட்டச் சொன்னார்கள், காட்டினேன். கையெழுத்துக் கேட்டார்கள், போட்டேன். அம்மா என்னைப் பிடித்து உலுக்கினாள், "அழுதுருத்தா, அழுதுரு" என்றாள். எனக்கு அழுகை வரவில்லை. கருவியின் விளக்கை அணைத்தேனா இல்லையா என்பதே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. விலை கூடின விளக்கு, சும்மா எரிந்தால் வீணாகிவிடும். தகனம் நடக்கும்போதும் அதைத்தான் யோசித்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஆய்வகத்துக்குப் போனேன். நடுவில் யாரும் அந்தக் கருவியைத் தொடவில்லை. விளக்கு எத்தனை மணி நேரம் எரிந்தது என்று கருவியே எண்ணி வைக்கும். போய் முதலில் அதைப் பார்த்தேன். அக்கா இறந்ததற்கு முந்தின நாள் மாலை நான் எழுதி வைத்த அதே எண். ஒரு நிமிடம்கூடக் கூடவில்லை. அன்று நான் விளக்கைப் போடவே இல்லை. அவசரத்தில் மறந்திருக்கிறேன்.

விளக்குப் போடாமல் அந்தச் சேர்மம் ஒளிராது. எண்ணி வைக்கிற பாகம் பழுதாகியிருக்கும் என்றார் வழிகாட்டி அம்மா. கருவி விற்ற இடத்திலிருந்து ஆட்கள் வந்து சோதித்துப் பார்த்தார்கள், பழுது இல்லை. அந்தச் சிவப்பின் கோடு இன்னும் கருவியில் இருக்கிறது, நான் அழிக்கவில்லை.

வெளிச்சம் வந்தால் கூப்பிடு என்றுதான் அக்கா சொல்லிவிட்டுப் போனாள். வெளிச்சம் வந்தது. கூப்பிடட்டுமா என்று அண்ணாச்சியும் கேட்டார். வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.